அரியாங்குப்பத்துக்கு ஒரு சீட்டு

கடலூரில் ஏறி உட்கார்ந்ததும்
கண்டக்டர் கேட்காமலே கிழித்துக் கொடுப்பார்:
கன்னியக்கோயில்.
பதினோரு வருஷம்.
ஆல்பேட்டை, பெண்ணையாற்றுப் பாலம், ரெட்டிச்சாவடி.
முள்ளோடை வந்தால் வேறு அரசாங்கம்,
வேறு விலை.

கடைக்குப் பின்னால் நெத்திலி பொரித்து விற்கிறவள்
பொட்டலம் கட்டித் தந்த காகிதத்தில்தான் அது இருந்தது:
குடியை நிறுத்த நினைக்கிறீர்களா, பேசலாம்.
கீழே ஒரு செல் நம்பர்.
கடைசி எண்ணை எண்ணெய் தின்றிருந்தது.

மூன்று நாள் சட்டைப் பையில் நாறியது.
நான்காம் நாள் துறைமுகத்தில்
ஐஸ் கட்டிக்கு ஓங்கிய ஊசி
என் கட்டைவிரலில் இறங்கியது.
ஐஸ் சிவந்ததைப் பார்த்த பிறகுதான் வலித்தது.

பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தேன்.
பூஜ்யம், சிதம்பரத்தில் ஒரு பாத்திரக்கடை.
ஒன்று உபயோகத்தில் இல்லை.
இரண்டில் ஒரு சின்னப் பெண்,
"அப்பா தூங்குறாரு, எழுப்பினா அடிப்பாரு."
அதற்குமேல் அன்றைக்கு எண்ணை அழுத்த முடியவில்லை.

மறுநாள் மூன்று, நான்கு, ஐந்து.
ஆறில் ஒருவர் எடுத்தார்.
நான் பேசவில்லை. அவரும் வைக்கவில்லை.
"இப்ப குடிச்சிருக்கீங்களா?"
"ஆமா."
"இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை ஆறரை. அரியாங்குப்பம்."

"அரியாங்குப்பம் ஒண்ணு" என்றேன்.
கண்டக்டர் நிமிர்ந்து பார்த்தார்.
"ஏன், அங்க விலை குறைச்சிட்டானா?"

கன்னியக்கோயிலில் என் ஆட்கள் இறங்கினார்கள்.
ஒருவன் வெளியிலிருந்து ஜன்னலைத் தட்டினான்.
கண்ணை மூடிக்கொண்டேன்.
பேருந்து கிளம்ப
அத்தனை நேரமா ஆகும்.

மூன்றாம் வகுப்பு, ஆ பிரிவு.
முழங்கால் இடிக்கிற பெஞ்சு.
கரும்பலகையில் பதிவு 34, வருகை 31.
நாங்கள் ஒன்பது பேர்.
ஆட்டோ ஓட்டுகிற இருதயராஜ்,
என்ன வேலை என்று சொல்லாத ஒரு வெள்ளைச் சட்டை,
இருமல் மருந்து பாட்டிலில் பிராந்தி ஊற்றி
வார்டுக்கு எடுத்துப்போன நர்ஸ் அமலோற்பவம்.
அதைச் சொல்லும்போது அவர் சேலை முந்தியை
நான்காக மடித்துக்கொண்டே இருந்தார்.

என் முறை.
டீ டம்ளர் கையில் தந்தியடித்தது.
"என் பேரு அஞ்சாபுலி."
கடையில் இந்தப் பெயரைச் சொல்லி
ஒருநாளும் சிரிக்காமல் ஊற்றியதில்லை.
இங்கே யாரும் சிரிக்கவில்லை.
"வணக்கம் அஞ்சாபுலி."
எட்டுக் குரல்.

தையல்நாயகி என் மூச்சை மோந்து பார்ப்பதை விட்டு
வருஷக்கணக்காகிறது.
சீட்டைக் கேட்பாள். விலையைப் பார்ப்பாள்.
காலண்டர் ஆணியில் குத்துவாள்.
ஐந்து சீட்டு சேர்ந்தது.

ஆறாவது ஞாயிறும்
அரியாங்குப்பத்துக்குத்தான் எடுத்தேன்.
கன்னியக்கோயிலில் இறங்கிவிட்டேன்.
யாரும் கூப்பிடவில்லை. ஜன்னலைத் தட்டவில்லை.
கால் இறங்கியது, பின்னாலேயே நான்.
சீட்டில் விலை சரியாக இருந்தது.
அவள் குத்தினாள்.

அடுத்த வாரம் அந்தப் பெஞ்சில்
இதைத்தான் முதலில் சொன்னேன்.
யாராவது புத்தி சொல்வார்கள் என்று காத்திருந்தேன்.
காற்றாடி சுற்றியது.
வெள்ளைச் சட்டை என் பக்கம் பிஸ்கட் தட்டை நகர்த்தினார்.
"இன்னிக்கு எத்தனை நாள்?" என்றார் அமலோற்பவம்.
விரலை மடக்கிப் பார்த்தேன்.
"புதன்கிழமையிலேருந்து. நாலு."
கைதட்டினார்கள்.
நாலு நாளுக்கு.
எனக்குக் கோபம்தான் வந்தது முதலில்.

ராத்திரி ஆணியிலிருந்து ஆறாவதை உருவி
அவள் உள்ளங்கையில் வைத்துச் சொன்னேன்.
அவள் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.
சீட்டைத் திருப்பி
எழுத்தில்லாத பக்கம் தெரிய
அதே ஆணியில் குத்தினாள்.
மேலே ஏழாவது.

"ஐஸ் கம்பெனிக்கு
நாலு மணிக்கு எழுப்பணுமா" என்றாள்
சுவரைப் பார்த்தபடி.